கிங்ஸ்பரியில் மூழ்கிய நான்கு கப்பல்கள்

மகனே,

இதை அப்பாதான் எழுதுகிறேன். வழக்கமாக உனக்கு நான் எழுதும் எதையும் அம்மா பக்கத்தில் நின்று பிழை திருத்துவாள், கடைசியில் தன் கையால் "குளிருக்குக் காதை மூடு" என்று ஒரு வரி சேர்ப்பாள். இன்று அவள் குசினியில் நிற்கிறாள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்பது வாசித்து முடிக்கும்போது உனக்கு விளங்கும். வியாழக்கிழமை நீ விமானம் ஏறி ஹவாய் போய், அங்கிருந்து ஆய்வுக் கப்பலில் மிட்வே தீவுப் பக்கம் போகிறாய். ஐம்பத்தாறு வருடங்களுக்கு முன் அந்தக் கடலில் நடந்த சண்டையில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தேடப் போகிறவர்கள், எந்த இடத்தில் தேடுவது என்று சொல்ல உன்னை அழைத்திருக்கிறார்கள். கருவியைக் கடலடிக்கு இறக்க அமெரிக்கர்கள், படம் பிடிக்க வேறு ஆட்கள், "இங்கே பாருங்கள்" என்று வரைபடத்தில் விரல் வைக்க லண்டன் ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெடியன். இந்தச் செய்தியை நீ சொன்ன நாளிலிருந்து நான் ஹை ஸ்ட்ரீட்டில் நடக்கும் நடையே மாறிவிட்டதாம், அம்மா பகிடி பண்ணுகிறாள். மாறட்டுமே. அறுபத்தைந்து வயதில் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

நீ இந்தப் பாதையில் எப்படி இறங்கினாய் என்பது உனக்கு எவ்வளவு ஞாபகமோ தெரியாது. எனக்கு நன்றாக ஞாபகம். எண்பத்து நான்காம் ஆண்டு, உனக்குப் பதினாறு வயது. கொழும்புக் கலவரத்தில் வீடு எரிந்து, ஒரு சூட்கேசுடன் லண்டனுக்கு வந்து, ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தோம். அரசாங்கத் திணைக்களத்தில் பெரிய கிளார்க்காக இருந்தவன் நான், இங்கே பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிகரெட்டும் சாக்லேட்டும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டெலிவிஷனில் பழைய போர்ப் படம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. துறைமுகத்தின் மேல் விமானங்கள் குத்திக்கொண்டு இறங்கின. நான் எழும்பிப் போய் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாய். அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்கள் திருகோணமலையில் இருந்தோம். என் அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தின் சாமான் களஞ்சியத்தில் வேலை. ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை ஜப்பானிய விமானங்கள் வந்தன. பகல் முழுக்க அவரைக் காணவில்லை. பின்னேரம் உடம்பெல்லாம் கரியோடு வந்தார், ஒரு காது கேட்கவில்லை. சாகும்வரை அந்தக் காது கேட்கவேயில்லை. அடுத்த நாளே எங்களை ஒரு லொறியில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்.

நீ உச்சுக் கொட்டவில்லை, பாவம் என்று சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாய். "அந்தப் பிளேனெல்லாம் கப்பலிலையிருந்துதானே வந்தது, அப்பா? அந்தக் கப்பலுகள் பிறகு எங்கை போனது?" நாற்பத்திரண்டு வருடம் அந்த நாளை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அவை எங்கே போயின என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "எனக்கெப்பிடித் தெரியும்? போய் லைப்ரரியிலை பார்" என்று எரிந்து விழுந்தேன். நீ உண்மையாகவே போய்ப் பார்த்தாய். இரண்டு கிழமை கழித்து, நான் வேலையில் நிற்கும்போது பெற்றோல் நிலையத்துக்கு வந்து, கண்ணாடியிலிருந்த ஓட்டைக்குள்ளால் மூச்சு வாங்கச் சொன்னாய்: "அப்பா, கண்டுபிடிச்சிட்டன். அதிலை மூண்டு கப்பல் ரெண்டே மாதத்திலை மிட்வேயிலை கடலுக்கை தாண்டு போச்சு." நான் கையைத் தட்டி, "நல்லா வேணும்!" என்றேன். நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். "உள்ளுக்கை ஆக்கள் இருந்தவை, அப்பா" என்றாய். உனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் பொறுமையில்லாமல் நின்றார், நான் அவரைக் கவனிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். வீடு எரிந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெடியன், தன் அப்பப்பாவின் காதைக் கெடுத்தவர்களுக்காக அப்படிச் சொன்னான். ஆய்வுக் கப்பலில் உன்னுடன் வரப்போகிற பெரிய மனிதர்களிடம் இதையெல்லாம் நீ சொல்லமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் நான் எழுதி வைக்கிறேன்.

பிறகு நீ சரித்திரம் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திராது. "சரித்திரம் படிச்சால் உனக்கு ஆர் வேலை தருவினம்? செத்துப்போன ராசாக்களோ?" என்று கேட்டேன். எங்கள் ஆட்களில் ஒரு பிள்ளை கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தால் அவனுக்கு முன்னால் இரண்டு கதவுதான், ஒன்று மருத்துவம், மற்றது எஞ்சினியரிங். நீ இரண்டையும் பார்த்துவிட்டு ஜன்னலால் குதித்துப் போனாய். நான் மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அதற்காகக் கோபிக்கவுமில்லை, உன் எண்ணத்தை மாற்றவுமில்லை. சனி ஞாயிறுகளில் கடையில் பெட்டி தூக்கி, மிச்ச நேரத்தில் படித்தாய். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் ஒன்று சொல்கிறேன் கேள், அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சத் தூரம் கூடவே நடந்து போய்ப் பார். நான் அதைச் செய்யவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அதற்கு மேலும் ஒரு வேலை செய்தேன்.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். கொழும்பில் என்னோடு வேலை செய்த ஒருவர் பின்னால் நின்றார். அவருடைய மகளுக்கு மருத்துவத்துக்கு இடம் கிடைத்த சந்தோசப் புழுகம். "உங்கடை மகன் என்ன படிக்கிறார்?" என்று கேட்டார். நான், "கப்பல் சம்பந்தமாப் படிக்கிறான்" என்றேன். "ஓ, மரைன் எஞ்சினியரிங்கோ?" என்றார். "ஓம், அப்பிடித்தான்" என்றேன். அவ்வளவுதான், மகனே. ஒரு வாய்ச் சொல்லு. மனுசர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் லண்டனில் இருக்கிற சொந்தம் பந்தம் முழுக்கப் பரப்பிவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்த எத்தனையோ வெள்ளிக்கிழமை இருந்தது. "பிடிபடுவியள்" என்று அம்மா ஒருமுறை எச்சரித்தாள், அதையும் காதில் போடவில்லை. அதற்குப் பிறகு உனக்கு வந்த சோதனைகள் ஞாபகமா? பக்கத்துத் தெரு மாஸ்டர் வீட்டில் ஹீற்றிங் பொய்லர் நின்றுபோனதும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். கோயில் மைக் கரகரத்தபோதும் உன்னைத்தான் தேடினார்கள். "ஏனப்பா எல்லாரும் என்னட்டை மெஷின் திருத்தக் கேக்கினம்?" என்று கேட்டாய். "நீ படிச்ச பிள்ளை எண்டுதான்" என்று சொல்லி, பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலதரம் யோசித்திருக்கிறேன். வீடு போனது, உத்தியோகம் போனது, என்னை "சேர்" என்று கூப்பிட ஆளில்லாமல் போனது. சொல்லிக்கொள்ள என்னிடம் மிஞ்சியது நீ ஒருவன்தான். அந்த உன்னையும் உள்ளபடி சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். நீ இரவு பகலாகப் படித்துப் பட்டம் வாங்கி, ஆராய்ச்சி முடித்து, கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய அந்த எட்டு வருடமும் உன் அப்பா ஊருக்கு வேறு ஒரு மகனைக் காட்டிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்றைந்தில் கிங்ஸ்பரியிலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். பெண் வதனி, மருந்தாளராக வேலை செய்கிறாள். இரண்டு தரம் நீங்கள் வெளியே சந்தித்துத் தேத்தண்ணி குடித்துக் கதைத்தீர்கள். இரண்டாம் தரம் வந்தபோது உன் முகத்தைப் பார்த்ததும், "இது சரிவரோணும் பிள்ளையாரே" என்று அம்மா தேங்காய் உடைக்க நேர்ந்துவிட்டாள். அவளிடம் நீ உன் படிப்பையும் வேலையையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாய். பெரியவர்கள் பேசவேண்டியதைப் பேசியிருப்பார்கள் என்று அவள் அதைத் தன் வீட்டில் பேச்சுக்கு எடுக்கவில்லை. பேச வேண்டிய பெரியவன் நான்தான், பேச்சுக் கொண்டுவந்த சொந்தக்காரரிடம் எஞ்சினியர் என்றே சொல்லி அனுப்பியிருந்தேன். பெண்ணின் அப்பா தில்லையம்பலம் கப்பலில் இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். கப்பலில் சமையற்காரரும் இருப்பார்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவர்கள் வீட்டு முன்னறைக்குள் கால் வைத்ததும் சுவரில் பெரிய படம். எஞ்சின் அறையில், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு தில்லையம்பலம். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியர்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் என் கதிரையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மேசையில் வடை, முறுக்கு, பயற்றம் பணியாரம், தேத்தண்ணி. தில்லையம்பலம் சந்தோசமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, நீர் நீராவி டேர்பைனோ, டீசலோ?" என்று கேட்டார். நீ சிரித்தபடி, "எனக்கு எஞ்சின் ஒண்டும் தெரியாது, அங்கிள். நான் சரித்திரம்" என்றாய். தில்லையம்பலம் வதனியின் அம்மாவைப் பார்த்தார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எட்டு வருடத்துப் பொய்லரும் மைக்கும் எல்லாம் அந்த ஒரு பார்வைக்குள் உனக்கு விளங்கியது என்று எனக்குத் தெரிந்தது. நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். நீ கோபிக்கவில்லை, எழும்பிப் போகவில்லை. "நான் படிச்சது கப்பல் ஓடுறதைப் பற்றியில்லை அங்கிள், தாழுறதைப் பற்றி. சொல்லட்டோ?" என்று கேட்டு, மேசையிலிருந்த நாலு தேத்தண்ணிக் கோப்பையையும் கிட்டக் கிட்ட இழுத்து வைத்தாய்.

"இது நாலும் ஜப்பான்காரன்ரை. இதிலை மூண்டு திருகோணமலைக்கும் வந்தது. காலமை பாதிப் பிளேன் தீவிலை குண்டு போடப் போயிட்டுது. மிச்சப் பாதியிலை டோர்பிடோ பூட்டி, எதிரிக் கப்பல் வந்தாலும் எண்டு அட்மிரல் வைச்சிருக்கிறார். தீவுக்குப் போனவன் திரும்பி, இன்னொருக்கா அடிக்கோணும் எண்டு சொல்லுறான். சரி, டோர்பிடோவைக் கழட்டித் தரைக்குண்டு பூட்டு எண்டுறார். பாதி மாத்தேக்கை உளவு பாக்கப் போன பிளேன் சொல்லுது, பத்துக் கப்பல் தெரியுது எண்டு. அந்தப் பிளேன் வெளிக்கிட்டதே பிந்தி. என்ன கப்பல் எண்டும் சொல்லேல்லை. விமானந்தாங்கி ஒண்டும் நிக்குது எண்டு பிறகுதான் சொல்லுது. திரும்பவும் மாத்து எண்டு ஓடர். கழட்டின குண்டைக் கீழை இறக்க நேரமில்லை, பிளேன் நிக்கிற ஹாங்கரிலேயே அடுக்கிப்போட்டாங்கள்." பிறகு மூன்று பயற்றம் பணியாரத்தை மேசையின் மற்ற முனையில் வைத்தாய். அவை அமெரிக்கக் கப்பல்கள். முதலில் தாழப் பறந்து வந்த அமெரிக்க டோர்பிடோ விமானங்களைப் பற்றிச் சொன்னாய். துணைக்கு விமானமில்லாமல் வந்து, அநேகமாக எல்லாரும் விழுந்துபோன அந்தப் பெடியன்களைப் பற்றிச் சொல்லும்போது உன் குரல் இறங்கியது. அவர்களைத் துரத்திக்கொண்டு ஜப்பானியக் காவல் விமானங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. மேலே பார்க்க ஆளில்லாத நேரத்தில் உயரத்திலிருந்து குண்டு விமானங்கள் வந்தன. மூன்று கோப்பையை ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தாய். வதனியின் அம்மாவின் மேசை விரிப்பில் தேத்தண்ணி பரவியது, ஒருவரும் துடைக்க எழும்பவில்லை.

தில்லையம்பலம் முன்னுக்குச் சாய்ந்துவிட்டார். "ஹாங்கர் திறந்ததோ, மூடினதோ?" என்றார். மூடினது என்றாய். "அப்ப பெற்றோல் வாயு வெளியாலை போக வழியில்லை" என்று தலையில் கை வைத்தார். அமெரிக்கர்கள் ஒரு கப்பலில் தீப்பிடிக்காமல் பெற்றோல் குழாய்க்குள் கரியமிலவாயு நிரப்பி வைத்ததைச் சொன்னாய், "அது மூளை!" என்று மேசையில் தட்டினார். நான்காவது கோப்பை பின்னேரம்வரை தாக்குப்பிடித்து, ஒரு அமெரிக்கக் கப்பலை அடித்துவிட்டுத்தான் போனது என்று நீ சொல்ல, அதைக் கவிழ்த்தது அவர்தான். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடமாக நீ என்ன படிக்கிறாய் என்று ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை, ஒரு அந்நியன் வீட்டில் வைத்துத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். என் மகன் இவ்வளவு கெட்டிக்காரனா! அந்த நிமிடம் எழும்பி நின்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. தில்லையம்பலம் நிமிர்ந்து, "தம்பி, நீர் விசயகாரன், அதிலை கதையில்லை. ஆனா எங்களுக்கு எஞ்சினியர் எண்டெல்லோ சொன்னவை?" என்று கேட்டார். கேட்டது உன்னிடம், பார்த்தது என்னை. நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "அது... அது என்ரை பிழை, அங்கிள். அப்பாவுக்கு நான் வடிவா விளங்கப்படுத்தேல்லை. கப்பல் எண்டுதான் சொன்னனான். அவர் பிழையா விளங்கிட்டார்." அறையில் இருந்த எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் வீட்டில், நீ விரும்பின பெண்ணுக்கு முன்னால், தகப்பனை ஏமாற்றின மகன் என்ற பேரை நீ ஏற்றுக்கொண்டாய். நான் ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். மகனே, பொய் சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான வேலை. "யோசிச்சுச் சொல்லுறம்" என்று அவர்கள் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். திரும்பி வரும்போது காரை நீதான் ஓட்டினாய். "பரவாயில்லை, அப்பா" என்று மட்டும் சொன்னாய். வீட்டுக்கு வந்து நீ அறைக்குள் போனபிறகு அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். "பெடியன் உங்களுக்காகத் தலை குனிஞ்சு நிண்டவன். நீங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாள் எனக்குச் சாப்பாடு மேசையில் இருந்தது, பேச்சு இல்லை.

ஐந்து கிழமை கழித்து கிங்ஸ்பரியிலிருந்து சம்மதம் வந்தது. வதனி அழுது அடம்பிடித்துத் தகப்பனின் மனதை மாற்றினாள் என்று இன்றைக்கும் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அதைச் சொல்லிச் சொல்லி அவளை நீ கேலி செய்வதையும், அவள் "நான் ஒண்டும் அழேல்லை" என்று சிரிப்பதையும் பார்த்துக்கொண்டு இந்த மூன்று வருடமும் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். அவள் சொல்வதுதான் உண்மை. மூன்றாவது கிழமை ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டு, ரயிலில் இரண்டு இடத்தில் மாறி கிங்ஸ்பரிக்குப் போனேன். வீட்டைத் தாண்டி நடந்து தெரு முனைவரை போனேன். திரும்பி வந்தேன், வாசல் படலையைத் தொட்டேன், மறுபடி தாண்டிப் போனேன். மூன்றாம் தரம் வரும்போது வீட்டு முன்னால் கார் கழுவிக்கொண்டிருந்த தில்லையம்பலம் தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே, "என்ன, நீங்களும் உளவு விமானமோ? கண்டதைச் சொல்லுறியளோ, இல்லாட்டி இன்னொரு சுத்துச் சுத்தப் போறியளோ?" என்று கேட்டார்.

நடுத்தெருவில் நின்றபடியே சொன்னேன். கோயில் வரிசையில் தொடங்கி அந்தத் தலையாட்டல்வரை ஒன்றும் விடவில்லை. "பொய் சொன்னது நான். என்ரை பிள்ளைக்கு ஒண்டுமே தெரியாது. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் விடுங்கோ, ஆனா அவனைப் பொய்க்காரன் எண்டு நினைச்சு விடாதேங்கோ" என்றேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன. அவர் குழாயைப் பூட்டிவிட்டு, காருக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம். "எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கடை மகன் நாலு கப்பலையும் தாட்டு முடிக்கும்வரைக்கும் ஒரு இடத்திலை தடுமாறேல்லை. 'என்ரை பிழை' எண்டு சொல்லேக்கைதான் தடுமாறினவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. தகப்பனுக்காகப் பழி சுமக்கிற பிள்ளை. அவருக்கு நான் அண்டைக்கே ஓம். உங்களுக்குத்தான் ஓம் சொல்லேல்லை. வருவியளோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்." நான் வராமலே விட்டிருந்தால் என்று கேட்டேன். "அந்த வீட்டுக்கு என்ரை பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டன்" என்றார். என் வாய்க்குள் இருந்த ஒரு சொல்லில் உன் கலியாணம் மூன்று கிழமை தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் இன்னும் இரண்டு கிழமை வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் வதனி இன்று யாரோ ஒருவருடைய மருமகள்.

உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார். வெளிக்கிடும்போது, "இதை நான் என்ரை மகளுக்குச் சொல்லமாட்டன். உங்கடை மகனுக்கு நீங்கள்தான் சொல்லோணும்" என்றார். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவளும் அதையேதான் சொன்னாள். உன் அம்மா மூன்று வருடம் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருக்கிறாள் என்றால் அதன் பாரத்தை நீ நினைத்துப் பார். கலியாண வீட்டில் சொல்வோம் என்றிருந்தேன், சொல்லவில்லை. நீங்கள் தனிவீடு போன அன்று வாய்வரை வந்தது. வருசப் பிறப்புக்கு, தீபாவளிக்கு, உங்கள் வீட்டில் தில்லையம்பலத்தைச் சந்திக்கிற ஒவ்வொரு முறையும் அவர் உன் முதுகுக்குப் பின்னால் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்ப்பார், நான் பாயசக் கோப்பைக்குள் பார்ப்பேன். பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டது பெரிய காரியமில்லை, அவர் அந்நியர். உன்னிடம் சொல்வதுதான் முடியாமல் இருந்தது. நீ மறுபடியும் "பரவாயில்லை, அப்பா" என்று சொல்லிவிடுவாய் என்று பயம். அப்படி நீ சொல்லக்கூடாது. அது பரவாயில்லாத விஷயம் இல்லை.

போகிற இடத்தைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கடல் குமட்டினால் இஞ்சியை மென்றுகொள். கருவி அனுப்புகிற படத்தில் கப்பலைக் கண்டதும் மற்றவர்கள் கையைத் தட்டுவார்கள், தட்டட்டும். நீ என்ன நினைப்பாய் என்று உன் பதினாறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். என்ன கண்டாலும் முழுதாக எழுது, கண்ட நேரத்திலேயே எழுது. இதைச் சொல்வதற்கு மட்டும் இந்த லண்டனில் என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

கடிதத்தை வதனிக்கும் வாசித்துக் காட்டு. அவள் அழவில்லை என்பதை இனியாவது நம்பு. அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லாரையும்விடப் பெரிய மனிதன் நீதான், உன்னை என் மகன் என்று சொல்வதைவிடப் பெருமை எனக்கு எந்தக் கடலிலிருந்தும் வரப்போவதில்லை. "என்ரை பிழை" என்று நீ சொன்னாயே, அது உன்னுடையது அல்ல, தம்பி. என்னுடையது. அதை உன்னிடம் விட்டுவைத்து மூன்று வருடமாகிறது. இப்போது தந்துவிடு, நீ போய் வா.

அப்பா